பெரிய மைனரும் சின்ன மைனரும்

அந்தப் போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் சார். சிங்கம்தானே? நினைத்தேன். பின்னால் திடும் திடும் என்று மேளம் அடிக்கிறானே, அதிலேயே தெரிந்துவிட்டது. சிங்கத்தைக் காட்டினால் இந்த அடியைப் போடாமல் ஒருத்தனுக்கும் கை வராது. மெதுவாக நடக்க விடுவான், பிடரியைக் காற்றில் பறக்க விடுவான், அடியில் காட்டு ராஜா என்று எழுதிவிடுவான். ராஜாவாம். நீங்களும் வாயைப் பிளந்து பார்க்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

நான் அவன்களோடு குடித்தனம் நடத்தியவன். டான்சானியாவில் ஒரு கூடார முகாம். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கி மிருகம் பார்த்துவிட்டுப் போவார்கள். கூடாரம் என்றால் நம் சர்க்கஸ் கூடாரம் இல்லை. உள்ளே கட்டில் மெத்தை, குளிக்கச் சுடுதண்ணீர் எல்லாம் உண்டு. காட்டுக்கு வந்தவனுக்கு எதற்கு மெத்தை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வேலை எனக்கு இல்லை, நான் மேனேஜர். முதலாளி கிரித்பாய் அருஷா நகரத்தில் உட்கார்ந்து போனில் உத்தரவு போடுவார். முகாமில் என்னைத் தவிர இன்னொரு தமிழன் உண்டு, சமையல்காரன் வியாகுலம். மணப்பாட்டுக் கடற்கரைக்காரன், வாய் மூடாதவன். வண்டி ஓட்டுவது ஜுமா, அந்த நாட்டுக்காரன்.

அதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சாத்தான்குளத்தில் மைக்செட் கடை. நானும் என் அண்ணனும் சேர்ந்து வைத்தது. கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, எதுவானாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான். நான் பனையில் ஏறிக் குழாயைக் கட்டுவேன், அவன் கீழே ஆம்ப்ளிஃபயர் பெட்டிப் பக்கம் உட்கார்ந்திருப்பான். பக்கத்துத் தெருவில் வேறொருத்தன் செட் கட்டினால் அவன் பாட்டு அவன் தெருவைத் தாண்டாமல் அமுக்கிவிடுவோம். குழாயின் வாயைக் காற்றோடு சேர்த்துக் கட்டத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். பிறகு கடைப் பலகையில் யார் பேர் முதலில் என்று ஒரு பேச்சு வந்தது. அன்றோடு சரி. பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. யார் பெரியவன் என்ற கேள்வி வந்த பிறகு கூட்டாவது ஒன்றாவது. அறிவுள்ள இரண்டு பேர் சேர்ந்தால் அந்தக் கேள்வி வந்தே தீரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த இரண்டு சிங்கத்துக்கும் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. அறிவிருந்தால்தானே வரும்.

அண்ணன் தம்பி சார் அவன்கள். ஆண் சிங்கம் ஒற்றையாக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது. இரண்டு மூன்று பேராகக் கூட்டுச் சேருவான்கள், பெரும்பாலும் கூடப் பிறந்தவன்கள். எங்கள் முகாம் இருந்த பக்கம், ஆற்றுக்கு வடகரை முழுவதும் இந்த இரண்டு பேர் கையில் இருந்தது. அங்கே இருக்கிற பெண் சிங்கங்கள், குட்டிகள், அத்தனையும் அவன்கள் குடும்பம். வேறு கூட்டு வந்து விரட்டிவிட்டால் எல்லாம் போயிற்று. வருகிறவன் முதல் வேலையாக முந்தினவனின் குட்டிகளைக் கொன்றுபோடுவான். அந்த வருஷம் முகாமுக்கு எதிரே இருந்த பாறைக்குன்றில் நாலு குட்டிகள். எங்கள் பிழைப்பே அந்த நாலு குட்டிதான். வருகிறவர்கள் எல்லாம் குட்டியைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

ஜுமா அந்த இரண்டு பேருக்கும் அவன் பாஷையில் ஏதோ பேர் வைத்திருந்தான். நான் பெரிய மைனர், சின்ன மைனர் என்று வைத்தேன். நம் பக்கத்தில் மைனர் என்று ஒரு சாதி ஆட்கள் இருப்பார்களே, அப்பன் சொத்து, ஜரிகை வேட்டி, பகலெல்லாம் தூக்கம். அச்சு அசல் அப்படியே. வேட்டைக்குப் போவது பெண்கள். புழுதியில் ஓடி, உதைபட்டு, ஒரு வரிக்குதிரையைச் சாய்ப்பார்கள். சாய்ந்த பிறகு மைனர்கள் எழுந்து வந்து முதல் பந்தியில் உட்காருவார்கள். தின்றுவிட்டு மறுபடியும் மல்லாந்து படுப்பார்கள். ஒருத்தன் தலையை மற்றவன் வயிற்றில் வைத்துக்கொண்டு. எதிரே வந்தால் தலையோடு தலை முட்டி உரசிக்கொள்வது வேறு. காலையில் பார்த்த ஆளைத்தான் மாலையிலும் பார்க்கிறான், அதற்கு இவ்வளவு கொஞ்சலா?

செய்கிற ஒரே வேலை, பொழுது சாய்கிற நேரத்தில் கத்துவது. பெரியவன் ஆரம்பிப்பான். அவன் முடிப்பதற்குள் சின்னவன் எடுப்பான். பாறையில் நின்று தென்கரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். பிறகு எல்லையைச் சுற்றி நடந்து புதர் புதராக மூத்திரம் பெய்துவிட்டு வந்து படுப்பார்கள். இதுதான் ராஜாங்கம்.

“கத்துறதைத் தவிர இவனுகளுக்கு என்ன வேலை தெரியும் வே?” என்று வியாகுலத்திடம் கேட்டேன்.

“எங்க ஊர் லைட்டவுசும் எரியறதைத் தவிர ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி,” என்றான். வெங்காயம் உரித்துக்கொண்டே. அவனுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பதில்.

தென்கரையில் மூன்று தடியன்கள் இருந்தான்கள். அவன்களும் அண்ணன் தம்பிகள்தான், வாலிப வயசு, பிடரி அப்போதுதான் கறுத்து வந்துகொண்டிருந்தது. சொந்தமாக இடம் இல்லாத நாடோடிகள். மாலையில் ஆற்று மணலுக்கு வந்து காதைத் தூக்கிக்கொண்டு நிற்பான்கள். மைனர்கள் கத்தி முடித்ததும் திரும்பிப் போய்விடுவான்கள். எத்தனை குரல் என்று கேட்டுக்கொண்டு போகிறான்கள், ஒரு நாள் குரல் தவறினால் ஆற்றைத் தாண்டிவிடுவான்கள் என்று ஜுமா சொன்னான். மூன்று பேர் இருந்துகொண்டு இரண்டு பேருக்குப் பயப்படுகிறவன்களும் சிங்கம்தான். எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ராஜாதான்.

இந்தக் கச்சேரியை ஒரு நாள் போனில் பதிவு செய்து கிரித்பாய்க்கு அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார், “லிங்கம், சத்தம் நல்லா இருக்கு. ஆனா ஜனங்க காசு கொடுக்கிறது பார்க்கிறதுக்கு, கேட்கிறதுக்கு இல்ல.”

அவர் சொன்னதும் நியாயம்தான். விருந்தாளிகள் மாலையில் கையில் கிளாஸோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மைனர்கள் தூரத்துப் பாறையில் இருப்பான்கள். கண்ணுக்குத் தெரிவது எறும்பளவு. இவன்களை நாற்காலிக்குப் பக்கத்தில் வரவழைப்பது எப்படி? படித்தவன் பத்துப் பேர் கூடினாலும் தோன்றியிருக்காது. மைக்செட்காரனுக்குத் தோன்றியது.

எங்கேயோ வேறு காட்டில் ஒற்றைச் சிங்கம் கத்துகிற பதிவு ஒன்றைப் போனில் இறக்கினேன். டவுனில் ஒரு சர்ச்சில் பழைய குழாய் இருந்தது, வாங்கிவந்தேன். முகாமுக்கு முன்னால் பெரிய அத்திமரம். அந்த வயசில் ஏறிக் கட்டினேன் சார், வாயைப் பாறைக்கு நேரே திருப்பி. அரசாங்கக் காட்டுக்குள் அப்படிச் செய்யக்கூடாது. எங்கள் இடம் காட்டுக்கு வெளியே, குத்தகை நிலம். பொழுது சாயும் நேரம் பார்த்துப் போட்டேன்.

வந்தான்கள் பாருங்கள். இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க, பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக. தங்கள் இடத்தில் எவனோ ஒருத்தன் புகுந்துவிட்டான் என்று. அத்திமரத்தைச் சுற்றினான்கள், மோந்தான்கள், புதரைப் பார்த்தான்கள். ஆளைக் காணவில்லை. ஆளில்லாத இடத்தில் ஆளைத் தேடுகிற அந்த முழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு தலையை முட்டி உரசிக்கொண்டு, விரட்டிவிட்டோம் என்ற நினைப்பில், நாற்காலிக்கு எதிரிலேயே நின்று கத்தினான்கள். கிளாஸில் பனிக்கட்டி குலுங்கியது. ஒரு அம்மாள் அழுதேவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு என்பது ஒருத்தருக்கும் தெரியாது.

அதன் பிறகு தினமும் அதுதான். கிரித்பாய்க்கு வாயெல்லாம் பல். கூடாரம் காலியில்லை.

வியாகுலம் ஒரு நாள் அகப்பையோடு வந்து நின்றான். “அண்ணாச்சி, தினமும் ஒருத்தன் நம்ம வீட்டு வாசல்ல வந்து சண்டைக்கு வாலேன்னு கூப்பிட்டுட்டு ஓடிப்போனா, எத்தனை நாளைக்குக் கதவைத் திறப்பியோ?”

“வே, உம்ம வேலை கறி. அதைப் பாரும்.”

“கறியைப் பாத்துட்டுத்தான் வந்தேன். உள்ளே நாலு பிள்ளையள வச்சுக்கிட்டுக் கூத்துக் கட்டாதீங்க.”

சிங்கத்துக்கு வக்கீல். மீன் பிடிக்கத் தெரியாமல் சமையலுக்கு வந்தவன் எனக்குப் புத்தி சொல்கிறான்.

ஆனால் மைனர் புத்தி எத்தனை நாளைக்கு? கொஞ்ச நாளில் ஓட்டம் நடையாயிற்று. பிறகு சின்னவன் மட்டும் வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனான். பிறகு அவனும் வரவில்லை. குழாய் எவ்வளவு கத்தினாலும் பாறையில் படுத்தபடி ஒரு காதை மட்டும் ஆட்டுவான்கள். மாலையில் தாங்களாகக் கத்துகிறதும் நின்றுபோயிற்று. குழாய் ஆரம்பித்தால் இவன்கள் வாயை மூடிக்கொண்டான்கள். ஜுமா என்னிடம் வந்து ஏதோ சொன்னான். தென்கரையில் நின்று கேட்கிறவனுக்கு என்ன தோன்றும் தெரியுமா, வடகரையில் எவனோ ஒற்றை ஆள் தினமும் நின்று சவால் விடுகிறான், வீட்டுக்காரர்கள் எழுந்து கேட்பதில்லை, இப்படித்தானே தோன்றும் என்றான். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். கூட்டம் கேட்காமல் போனால் சத்தத்தைக் கூட்டுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம்.

ஒரு நாள் மாலை. நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அத்திமரத்துப் பக்கமிருந்து கத்தல் கிளம்பியது. பிரமாதமான சத்தம், நெஞ்சில் இடித்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். நானும், இன்றைக்குக் குழாய் நன்றாகப் பேசுகிறதே என்று நினைத்தேன். அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தேன். நான் இன்னும் போடவே இல்லை.

மரத்தடியில் மூன்று தடியன்களும் நின்றான்கள். ஆற்றைத் தாண்டிவிட்டான்கள்.

பாறையில் மைனர்கள் படுத்திருந்தான்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு காதை ஆட்டினான்கள். அவ்வளவுதான். மூன்று பேர் வாசலில் வந்து நின்று கூப்பிடுகிறான்கள், இவன்கள் கொட்டாவி விடுகிறான்கள். அசல் குரலுக்கும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம் என்ன ஜென்மம் சார்? காது எதற்கு இருக்கிறது? எழுந்திருந்தான்கள், இல்லையென்று சொல்லவில்லை. தடியன்கள் பாறையடிக்கு வந்த பிறகு எழுந்தான்கள். விருந்தாளிகளைக் கூடாரத்துக்குள் தள்ளி நாங்கள் ஜிப்பை இழுத்துவிட்டோம். சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் ஜுமா போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் வண்டியிலிருந்து இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். நாலு குட்டியும் போய்விட்டன. பெரிய மைனர் குட்டிகள் இருந்த குகை வாசலில் முதுகு முறிந்து கிடந்தான், மத்தியானம் செத்தான். சின்னவன் ரத்தத்தோடு ஓடியிருக்கிறான். எங்கே என்று தெரியவில்லை. தாய்ச் சிங்கம் ஒன்று செத்த குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு நாள் திரிந்தது. அதையும் பெரிதாக நினைக்காதீர்கள், அடுத்த மாதமே அது அந்தத் தடியன்களோடு படுத்திருந்தது.

விஷயம் பரவிவிட்டது. குட்டி இல்லாத இடத்துக்கு எவன் வருவான்? இடம் பதிவு செய்தவர்கள் எல்லாரும் ரத்து செய்தார்கள். முகாம் காலி. வியாகுலம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். தட்டை வைப்பான், போய்விடுவான். நானா ஆற்றைத் தாண்டினேன்? நானா தூங்கினேன்? காவலுக்கு இருந்தவன் தூங்கினதற்கு மைக்செட்காரன் என்ன செய்வான்? நீங்களே சொல்லுங்கள் சார்.

கிரித்பாய் ஒருவழியாக ஒரு சுற்றுலாக் குழுவைப் பிடித்துவிட்டார். “பழையபடி குழாய் போடு லிங்கம், புது மூணு பேரும் ஓடி வருவாங்க,” என்றார். அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு மாலை சோதனை போட்டுப் பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஒற்றைச் சிங்கம் பதிவைப் போடக் கை போகவில்லை. காலி முகாமில் தடியன்கள் வந்து நின்றால் யார் பார்ப்பது, அதற்காகத்தான். கையில் இருந்தது மைனர்களின் பழைய பதிவு. ஒருத்தன் செத்துவிட்டான், ஒருத்தன் ஓடிவிட்டான், யாருக்கும் தொந்தரவு இல்லை என்று அதைப் போட்டேன்.

பெரியவன் குரல் கிளம்பியது. அவன் முடிப்பதற்குள் சின்னவன் குரல்.

பாறை மேல் தடியன்கள் மூன்று பேரும் எழுந்து நின்றான்கள். அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது நாணல் பக்கம் இருந்தது. சின்ன மைனர். எலும்பும் தோலுமாக, பின்னங்காலை இழுத்துக்கொண்டு வருகிறான். நேராக அத்திமரத்துக்கு. சுற்றவில்லை, மோந்து பார்க்கவில்லை. கர்ஜனை இல்லாமல், தொண்டைக்குள்ளேயே முனகிக்கொண்டு வந்து, தலையை மரத்தில் முட்டி உரசினான். மேலே குழாயிலிருந்து அண்ணன்காரன் கத்துகிறான், கீழே இவன் மரத்தை உரசுகிறான். முட்டாள். இத்தனை நாள் குழாய் என்று தெரிந்துகொண்டு படுத்திருந்தவன், இப்போது அதே குழாயிடம் வந்து நிற்கிறான்.

தடியன்கள் இறங்கி வெட்டவெளிக்கு வந்துவிட்டான்கள்.

வியாகுலம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தான். “அண்ணாச்சி, நிறுத்துங்க! அவனுவ வாறானுவ! சத்தத்தைக் கேட்டுத்தான் வாறானுவ!”

“நிறுத்தினா இவன் ஒத்தையில நிப்பான் வே.”

நான் நிறுத்தவில்லை. கூட்டினேன். பெட்டி தாங்குகிற மட்டும் கூட்டினேன். அப்போது சின்ன மைனர் தலையைத் தூக்கினான். பெரியவன் குரல் இறங்குகிற இடம் பார்த்து இவன் எடுத்தான். குழாயில் இரண்டு, கீழே ஒன்று. மூன்று குரல். தடியன்கள் நின்றுவிட்டான்கள். காதைத் தூக்கிக்கொண்டு கேட்டான்கள். இன்னொரு தடவை போட்டேன். இன்னொரு தடவை. ஒருத்தன் முதலில் முகத்தைத் திருப்பினான், பிறகு மற்றவன், பிறகு மூன்றாமவன். பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டான்கள்.

வியாகுலம் ஒரு கிளாஸ் பால் விடாத கட்டன்சாயாவைக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தான். “நாளைக்கும் போடுவியளா?” என்றான். பதற்றத்தில் கத்தினதை விட்டால், அத்தனை நாளுக்குப் பிறகு அவன் பேசின பேச்சு அது.

“சோதனைதான் வே. குழாய்ல ஏதோ கரகரக்குது, பாக்கணும்,” என்றேன்.

மறுநாளும் கரகரத்தது. அதற்கு மறுநாளும். குழு வந்துவிட்டது, புதுச் சிங்கங்களை வரவழைக்கிற பதிவைப் போடு என்றார்கள். அது கெட்டுவிட்டது என்றேன். குழு போய்விட்டது, நான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆளில்லாத முகாமில் தினமும் ஜெனரேட்டர் ஓடினால் டீசல் எங்கே போகிறது என்று கிரித்பாய் கேட்கமாட்டாரா? கேட்டார். நேரிலேயே வந்துவிட்டார். மரத்தடியில் சின்ன மைனர் படுத்திருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒரு நொண்டிச் சிங்கத்துக்கு என் டீசலா?” என்றார். அந்த வாரமே எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். என் மனக்குறை அதுதான் சார். சிங்கத்துக்கு யார் டீசல் போட்டது? சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தேன், தொழில் தெரிந்தவன் பார்க்கத்தான் செய்வான்.

புது மேனேஜர் ஒரு கென்யாக்காரப் பையன். சாவியைக் கொடுக்கும்போது சொன்னேன், பொழுது சாய்ந்ததும் இந்தப் பதிவைப் போட்டுவிடு, குழாய்க்கு நல்லது, போடாவிட்டால் துருப்பிடிக்கும் என்று. சிரித்தான். போட்டானா என்று தெரியாது. வியாகுலம் அங்கேதான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். அங்கே பொழுது சாய்ந்து கொஞ்சம் ஆகியிருக்கும், இங்கே நான் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம். நான் எடுப்பதில்லை. எடுத்தால் சின்னவன் இருக்கிறான் என்பான், இல்லை போய்விட்டான் என்பான், இரண்டில் ஒன்றைச் சொல்வான். எதைச் சொன்னாலும் எனக்கு என்ன ஆகப்போகிறது? பகலெல்லாம் தூங்குகிற ஒரு மைனர். போன் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன்.